மாட்டுக் கொட்டிலிலிருந்து அடுப்படிக்கு: டர்னிப்பும் பண்ணைப் பங்கும்

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த டர்னிப், வெள்ளை உடலும் ஊதா நிறத் தோளும் கொண்ட உருண்டைக் கிழங்கு. சீன முட்டைக்கோஸும் பாக்சோயும் இதே தாவர இனத்தின் வேறு வடிவங்கள்தான். அவற்றில் இலையும் தண்டும் பெருத்தன, இதில் அடிப்பகுதி பெருத்தது. டர்னிப்பும் முட்டைக்கோஸும் கலந்து உண்டானது ரூட்டபேகா. அது அளவில் பெரியது, சதை மஞ்சள், இன்னும் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால் இரண்டின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. நீலகிரியில் விளைந்து தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கும் டர்னிப், 1820களில் ஜான் சல்லிவன் உதகையில் தொடங்கிவைத்த ஐரோப்பியக் காய்கறிப் பயிரின் வழிவந்தது. அதன் நீண்ட கதை குளிர்நாடுகளில்தான் நடந்தது.

குளிர்நாட்டு உழவர் டர்னிப்பை நம்பியதற்குக் காரணம் அதன் சுவை அன்று, காலக்கணக்கு. கோடையின் கடைசியில் விதைத்தால் ஏறக்குறைய இரண்டே மாதத்தில் கிழங்கு கட்டிவிடும். உறைபனி விழும்போது மென்மையான காய்கள் கருகிப்போகும். டர்னிப்போ குளிரைத் தாங்குவதற்காகத் தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு முன்னைவிட இனிக்கும். இலையைக் கொய்துவிட்டு, ஈரப்பதமுள்ள நிலவறையில் மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், தானியம் தவிர வீட்டில் வேறெதுவும் மிஞ்சாத பிப்ரவரி மாதத்துக்கு இதைவிட நம்பகமான துணை கிடையாது.

ரோமானியர்கள் இதை மதித்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, போ நதிக்கு வடக்கே வாழ்ந்த உழவர்களுக்குத் திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் அடுத்த முக்கிய விளைச்சல் டர்னிப் என்றே குறித்திருக்கிறார். கி.மு. 290இல் ரோமின் தலைமைப் பதவியான கான்சல் பதவி வகித்த மானியஸ் கூரியஸ் டென்டாட்டஸ் பற்றிய கதையொன்றைக் கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்கிறார். ரோமின் எதிரிகளான சாம்னைட் மக்களின் தூதர்கள் தங்கத்தோடு அவரைத் தேடிப் போனபோது, அவர் அடுப்பருகே உட்கார்ந்து டர்னிப் வேகவைத்துக்கொண்டிருந்தார். இந்த உணவு போதுமென்று இருப்பவனுக்குத் தங்கம் தேவையில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். எளிமையின் அடையாளமாகவே டர்னிப் அங்கே நிற்கிறது, இழிவின் அடையாளமாக அன்று. அப்பீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் வேகவைத்துப் பிழிந்த டர்னிப்புக்குச் சீரகம், பெருங்காயம், தேன், புளிக்காடி, மீன் சாறு, எண்ணெய் எல்லாம் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. சீரகமும் பெருங்காயமும் சேர்ந்த அந்தக் கலவை தமிழ் அடுப்படிக்கு அந்நியமாகத் தோன்றாது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பா மறந்துபோனது இந்த மசாலாக் கையைத்தான்.

இடைக்கால ஐரோப்பாவின் ஏழைக் குடும்பங்களில் டர்னிப் தானியத்தோடும் இலைகளோடும் ஒரே பானையில் கொதித்தது. அதன் தகுதி மாறியது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். பிரதமர் ராபர்ட் வால்போலின் மைத்துனரும் அமைச்சருமான சார்லஸ் டவுன்ஷென்ட் பிரபு, 1730இல் அரசியலை விட்டு விலகி நார்ஃபோக்கில் ரெய்ன்ஹாம் என்ற தன் பண்ணைக்குத் திரும்பி, டர்னிப் பயிரைப் பெரிய அளவில் பரப்பினார். அவருக்கு ‘டர்னிப்’ டவுன்ஷென்ட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. புகழ் முழுவதும் அவருக்கு உரியதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே கிழக்கு இங்கிலாந்து உழவர்கள் டர்னிப்பை வயற்பயிராக விதைத்து வந்ததைப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு பிரபுவின் பெயர் முன்னே நிற்க, பெயரில்லாத குடியானவர்களின் அறிவு பின்னே மறைவது வேளாண் வரலாற்றில் அடிக்கடி நடந்த அநியாயம்.

நார்ஃபோக் முறை என்பது நான்காண்டுச் சுழற்சி. முதலாண்டு கோதுமை, அடுத்து டர்னிப், பிறகு பார்லி, கடைசியில் குளோவர் என்ற தீவனப் பயிர். முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியிருந்தது. டர்னிப் வரிசைகளுக்கிடையே களை கொத்த முடிந்ததால் தரிசு செய்த வேலையைப் பயிரே செய்தது. குளோவர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காலத்தில் ஆடுமாடுகளுக்குத் தீனி கிடைத்தது. ஆடுகளை வயலிலேயே அடைத்து டர்னிப்பை மேயவிட்டால் எருவும் அங்கேயே விழுந்தது. தமிழ்நாட்டில் கிடை போடுவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் தானிய விளைச்சல் உயர்ந்ததில் இந்தச் சுழற்சிக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் டர்னிப் கொடுத்த விலை பெரிது. மாடு தின்பதை மனிதர் தின்பதா என்ற எண்ணம் பரவியது. அதே நூற்றாண்டில் உருளைக்கிழங்கும் வயலுக்கு வர, சாப்பாட்டு மேசையில் டர்னிப்பின் இடம் சுருங்கியது.

மிச்சமிருந்த மதிப்பைப் போர் அழித்தது. 1916இல், முதல் உலகப் போரின் நடுவே, ஜெர்மனியில் மழை மிகுந்து, கருகல் நோய் தாக்கி உருளைக்கிழங்கு விளைச்சல் பாதியாகக் குறைந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் வெளியிலிருந்தும் உணவு வரவில்லை. அதுவரை மாட்டுத் தீனியாக இருந்த ரூட்டபேகா 1916–17 குளிர்காலம் முழுவதும் மக்களின் தட்டுக்கு வந்தது. ரொட்டி மாவில் கலந்தார்கள், ஜாம் காய்ச்சினார்கள், வறுத்துப் பொடித்துக் காப்பிக்குப் பதிலாகக் குடித்தார்கள். ஜெர்மானியர்கள் அந்தப் பருவத்தை அந்தக் கிழங்கின் பெயராலேயே இன்றும் குறிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிரான்ஸிலும் இதே நிலை. உருளைக்கிழங்கு படையெடுத்தவர்களுக்குப் போக, ரூட்டபேகா குடிமக்களுக்கு மிஞ்சியது. பசியோடு ஒட்டிக்கொண்ட உணவை அந்தத் தலைமுறை மீண்டும் சமைக்க மறுத்ததில் வியப்பில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு அதன் கைப்பக்குவத்தைக் கடத்தாமலே போனார்கள்.

டர்னிப்பை மாட்டுக்கு விட்டுக்கொடுக்காத நாடுகளில் சமையல் அறுபடவில்லை. ஜப்பானில் ஜனவரி 7ஆம் நாள் உண்ணும் ஏழு கீரைக் கஞ்சியில் டர்னிப் இலைக்கு இடமுண்டு. கியோத்தோவில் ஷோகோயின் என்ற பெரிய டர்னிப்பைத் தாள் போல் சீவி, கடற்பாசியோடு ஊறவைக்கும் சென்மைஸுகே குளிர்கால ஊறுகாய்களில் பேர்போனது. லெபனானிலும் சிரியாவிலும் டர்னிப் துண்டுகளோடு ஒரு பீட்ரூட் துண்டையும் உப்புநீரில் போட்டு இளஞ்சிவப்பாக ஊறவைக்கிறார்கள். காஷ்மீரில் அதைக் கறியோடும் ராஜ்மாவோடும் சமைப்பதோடு, வளையங்களாக அரிந்து கோத்துக் காயவைத்துப் பனிக்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். பஞ்சாபில் காலிஃப்ளவர், கேரட், டர்னிப் மூன்றும் சேர்ந்த இனிப்பும் புளிப்புமான ஊறுகாய் குளிர்கால வீடுகளின் அடையாளம். டர்னிப் சுவையற்றது என்ற பேச்சு இந்த நாடுகளில் எழவே இல்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கதை வேறு. அங்கே அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் டர்னிப்பின் இலையைத்தான் உணவாக வளர்த்தெடுத்தார்கள். உப்பிட்ட பன்றிக்கறித் துண்டோடு நெடுநேரம் கொதித்த கீரையும், அது வெந்த சாற்றில் நனைத்த சோள ரொட்டியும் இன்றும் அப்பகுதியின் தலையாய உணவு. வடகிழக்கு மாநிலங்களில் கிழங்குதான் நிலைத்தது, அதுவும் பெரும்பாலும் நவம்பர் மாதத்து நன்றி விழாவின் ஒரு வேளைச் சாப்பாட்டோடு சரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளிர்பதன லாரிகளும் கலிஃபோர்னியப் பெரும்பண்ணைகளும் ஆண்டு முழுவதும் தக்காளியும் லெட்டூஸும் கொண்டுவந்தபோது, பருவம் என்ற ஒன்றே நகரத்து அடுப்படியிலிருந்து மறைந்தது. பருவம் போனபின் டர்னிப்புக்கு வேலை என்ன?

மாற்றம் ஜப்பானிலிருந்து தொடங்கியது. மினமாட்டா பாதரச நஞ்சும் பூச்சிக்கொல்லி அச்சமும் நாட்டை உலுக்கியிருந்த 1971இல், இச்சிராக்கு தெருவோவின் முயற்சியில் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் உருவானது. நகரத்து இல்லத்தரசிகள் குழுவாகச் சேர்ந்து ஓர் உழவரிடமோ ஊரிடமோ நேரடியாக உடன்பாடு செய்துகொண்டார்கள். இதற்குத் தெய்கெய் என்று பெயர். 1978இல் சங்கம் வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, வயல் தருவதையெல்லாம் உண்போர் ஏற்றுக்கொண்டு தங்கள் அன்றாடச் சாப்பாட்டை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது. டர்னிப்பின் மீட்சிக்கு அடித்தளம் அந்த ஒரு விதிதான். கடையில் வாங்குபவர் பிடித்ததைப் பொறுக்குகிறார், உழவர் விற்பதை மட்டும் விதைக்கிறார். தெய்கெய் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

ஐரோப்பாவில் இதே எண்ணம் தனியாக முளைத்தது. 1978இல் ஜெனீவாவில் ‘லே ஜார்டன் டி கொக்கான்’ என்ற கூட்டுறவுத் தோட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இத்தகைய தோட்டத்தில் அனுபவம் பெற்ற யான் வான்டர் டுயின் அமெரிக்கா திரும்பி, மாசச்சூசெட்ஸின் தெற்கு எக்ரமான்ட்டில் இந்தியன் லைன் பண்ணையை நடத்திய ராபின் வான் என் என்பவரைச் சந்தித்தார். குடும்பங்கள் முன்பணம் கட்டி விளைச்சலில் பங்கு பெறும் பண்ணைப் பங்கு முறையை 1985 இலையுதிர் காலத்தில் ஆப்பிளோடு தொடங்கி, 1986இல் காய்கறிக்கு விரித்தார்கள். அதே 1986இல் நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான டிராவ்கர் குரோ வடஜெர்மனியின் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையிலிருந்து வந்தவர். டெம்பிள்-வில்டனில் பங்குக்கு நிலையான விலையே இல்லை. உழவர்கள் ஆண்டுச் செலவைக் கூட்டத்தில் வைப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதைச் சொல்லும், தொகை நிறையும்வரை பேச்சு நடக்கும். இவர்களுக்கு முன்பே, அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த கறுப்பினத்தவர் புக்கர் டி. வாட்லி, சிறு உழவர்கள் முன்பணம் கட்டும் உறுப்பினர் சங்கங்களை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். அமெரிக்கப் பண்ணைப் பங்கின் வரலாற்றை அவர் பெயரோடு தொடங்குவதே முறை.

பண்ணைப் பங்கின் ஏற்பாடு எளியது. விதைப்புக்கு முன்பே குடும்பங்கள் பருவம் முழுமைக்கும் பணம் கட்டுகின்றன. அறுவடை தொடங்கியதும் வாரம் ஒரு பெட்டி வருகிறது. விளைந்தால் பெட்டி நிறையும், ஆலங்கட்டி மழை அடித்தால் குறையும். வடகிழக்கு அமெரிக்காவில் ஜூன் பெட்டியில் கீரைகளும் முள்ளங்கியும் பட்டாணியும் பூண்டுத் தண்டும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சுரைக்காய் வகைகள், வெள்ளரி, பீன்ஸ், தக்காளி. செப்டம்பர் தாண்டினால் பூசணியும் நூல்கோலும் முட்டைக்கோஸும் செலரிக் கிழங்கும் டர்னிப்பும் ரூட்டபேகாவும். தக்காளிக்கு யாரும் குறிப்பு கேட்கவில்லை. டர்னிப் வந்ததும்தான் குடும்பங்கள் திகைத்தன. பாட்டி மறந்ததை அம்மா அறியவில்லை, மகளுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது பெட்டியோடு வந்த தாள். உழவர்களும் உறுப்பினர்களும் அந்த வாரத்துக் காய்களுக்குச் சமையல் குறிப்பு எழுதி உள்ளே வைத்தார்கள். விஸ்கான்சினில் மேடிசன் நகரப் பண்ணைகளின் கூட்டமைப்பு இத்தகைய குறிப்புகளைக் காய்வாரியாக அகர வரிசையில் தொகுத்து 1990களில் நூலாகவே வெளியிட்டது. எந்தக் காயை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதையும் அதில் சேர்த்தார்கள்.

பண்ணைப் பங்குக் குடும்பங்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் பழைய அறிவே. பெட்டி வந்த அன்றே இலையை வெட்டித் தனியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்க வைத்துவிடும். இலையைப் பூண்டும் எண்ணெயும் போட்டு அன்றே வதக்கிவிடலாம். கிழங்கைத் தேவைக்கு மேல் கொதிக்கவிட்டால் கந்தக வாடை எழும், பள்ளிக்கூட மதிய உணவில் பலரை விரட்டியது அந்த வாடைதான். எண்ணெய் தடவி ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் வாட்டினால் ஓரம் பொன்னிறமாகிக் கசப்பு அடங்கும். உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்து வெண்ணெய் கலப்பது ஸ்காட்லாந்து வழி. ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவு விருந்தில் இன்றும் இதற்கு இடமுண்டு. முற்றிய கிழங்குக்குத் தோலைத் தடிமனாகச் சீவ வேண்டும், இளசுக்குச் சீவவே வேண்டாம். உழவர்கள் ஜப்பானிய ஹகுரெய் வகையை விதைக்கத் தொடங்கியது பெரிய திருப்பம். வெள்ளை வெளேரென்ற அந்தச் சிறு டர்னிப்பைப் பச்சையாகவே கடித்துத் தின்னலாம். தொடக்கக் கோடையிலேயே பெட்டிக்கு வந்துவிடும். மாட்டுத் தீனி என்ற பேச்சு அதற்குப் பொருந்தவில்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. முன்பணம் ஏழைக் குடும்பங்களுக்குச் சுமை. பழகாத காய் குவிவது, அடுத்த பருவத்தில் பலர் விலகுவதற்கான காரணங்களில் ஒன்று. அதனால் பல பண்ணைகள் வேண்டாததை மாற்றிக்கொள்ளும் கூடையை வைத்தன. சில பண்ணைகள் உறுப்பினரே தேர்ந்தெடுக்க விட்டன. வணிகத்துக்கு இது நல்லது. ஆனால் தேர்வு வந்த இடத்தில் முதலில் விடுபடுவது டர்னிப்தான், வயலும் அடுப்படியும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்ட பழைய உடன்பாடும் அங்கே தளர்கிறது.

பண்ணைப் பங்கு பரவிய அதே வடகிழக்கில், வெர்மான்ட்டின் வார்ட்ஸ்பரோ ஊரில், ஜான் கில்ஃபெதர் என்ற உழவர் நூறாண்டுக்கு முன் இனிப்பான வெள்ளைக் கிழங்கொன்றை வளர்த்து விற்றார். பிறர் நட்டு வளர்த்துவிடாதபடி தலையையும் வேரையும் வெட்டிவிட்டே சந்தைக்கு அனுப்புவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியும் அந்த வகை ஊரார் கையில் தங்கியது. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மாநிலச் சட்டமன்றத்திடம் கோரிக்கை வைத்தார்கள். 2016இல் கில்ஃபெதர் டர்னிப் வெர்மான்ட்டின் மாநிலக் காய்கறி என்று சட்டமானது.