கரகரப்புக்கு விலை வைத்தவர்கள்

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் மெதுவாகச் செம்மஞ்சளாகச் சூடேற வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த ரேடியோ செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் அதே வால்வு இன்றும் ஓரிடத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ராக் கிடார் ஆம்ப்ளிஃபயருக்குள்! அது ஏன் என்பது சுவாரசியமான வரலாறு. பெரிய கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிய கதை இல்லை, கடையின் பின்பக்கத்தில் தொடங்கியது.

முதலில் ஒரு விஷயம். வால்வு ஆம்ப் செய்த பழைய இன்ஜினியர்களுக்குக் கரகரப்பு என்றால் ஆகாது. உள்ளே போகும் ஒலி அப்படியே பெரிதாகி வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். வால்யூமை முழுக்கத் திருகினால் வால்வு திணறும், ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். அதைக் கோளாறு என்றுதான் எழுதி வைத்தார்கள். கிடார் வாசித்த பையன்களுக்கோ அந்தக் கோளாறுதான் பிடித்தது. 1958-ல் லிங்க் ரே 'ரம்பிள்' பாட்டுக்காக ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தானே கிழித்துக்கொள்ளும் வாடிக்கையாளர்! இதைக் கவனித்த வியாபாரிதான் பிழைக்கத் தெரிந்தவர்.

அப்படி ஒருவர் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் இருந்தார். ஜிம் மார்ஷல். டிரம்ஸ் வாசிப்பவர், வாத்தியாரும்கூட. 1960-ல் இசைக்கருவிக் கடை போட்டார். பீட் டவுன்செண்ட், ரிச்சி பிளாக்மோர் மாதிரி இளைஞர்கள் கடைக்கு வந்துபோவார்கள். அவர்களுக்கு வேண்டியது சத்தமான ஆம்ப். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர் நன்றாக இருந்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் ப்ரான், "இதை நாமே செய்தால் என்ன" என்ற யோசனையைக் கிளப்பினார். ஈஎம்ஐ கம்பெனியில் பயிற்சியில் இருந்த 18 வயது டட்லி க்ரேவன் சேர்ந்துகொண்டார். ஃபெண்டரின் 'பாஸ்மேன்' ஆம்பைப் பிரித்துப் பார்த்துச் சர்க்யூட்டை அப்படியே எடுத்தார்கள். சோதனைக்காகச் செய்ததில் ஆறாவதுதான் மார்ஷலுக்குத் திருப்தி தந்தது என்பார்கள். வருஷம் 1962. பெயர் ஜேடிஎம்45.

காப்பி அடித்தார்கள், சரி. ஆனால் காப்பி அப்படியே வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஃபெண்டரில் முதல் வால்வு 12ஏஒய்7. அதன் பெருக்கக் குணகம் 44 அளவில். ஹான்வெல்காரர்கள் இங்கிலாந்தில் சாதாரணமாகக் கிடைத்த ஈசிசி83-ஐப் போட்டார்கள். அதன் குணகம் 100. முதல் படியிலேயே இரண்டு மடங்குக்கு மேல்! ஃபெண்டரில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு, பின்பக்கம் திறந்த பெட்டி. இங்கே 12 அங்குல செலஸ்டியன் நான்கு, மூடிய பெட்டி. கையில் கிடைத்த சாமானை வைத்துச் செய்த மாற்றங்கள் சேர்ந்து வேறொரு குரலாகிவிட்டன. சீக்கிரம் திணறியது, திணறும்போது அழகாகக் கத்தியது.

1964-ல் ஹேய்ஸில் தொழிற்சாலையே வந்தது. ஜேடிஎம் என்பது ஜிம், டெர்ரி மார்ஷல் என்ற அப்பா-மகன் பெயரின் முதலெழுத்துகள். சர்க்யூட்டோடு மல்லுக்கட்டிய ப்ரானுக்கும் க்ரேவனுக்கும் அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. முதலீடும் கடையும் யாருடையதோ பெயர்ப்பலகையும் அவருடையதுதான் என்று காமர்ஸ்காரர்கள் வாதாடலாம். இருந்தாலும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மார்ஷலும் அதன்பின் ஒரு அடி வாங்கினார். 1965-ல் ரோஸ்-மாரிஸ் நிறுவனத்தோடு 15 வருட விநியோக ஒப்பந்தம் போட, வெளிநாட்டில் விலை ஏறி விற்பனை படுத்தது. பழைய விநியோகஸ்தர் நண்பர் கைவிட்டுப் போகக்கூடாதென்று 'பார்க்' என்ற வேறு பெயரில் ஆம்ப் செய்து கொடுத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுமுன் யோசிக்காதவர்களுக்கு நல்ல பாடப்புத்தகக் கேஸ்!

இதுவரை சொன்ன ஆம்பில் ஒரு தொல்லை உண்டு. கரகரப்பு வேண்டுமென்றால் வால்யூமை உச்சிக்கு ஏற்ற வேண்டும், தெருவே எழுந்துவிடும். இதற்கு வழி கண்டவர் கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித். ஆரம்பம் என்னவோ குறும்புதான். கண்ட்ரி ஜோ அண்ட் தி ஃபிஷ் குழுவின் பேரி மெல்டனுடைய குட்டி ஃபெண்டர் 'பிரின்ஸ்டன்' ரிப்பேருக்கு வந்தது. அதற்குள் பாஸ்மேனின் சர்க்யூட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்துவிட்டார். கடையில் அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா சொன்ன பாராட்டிலிருந்துதான் 'பூகி' என்ற பெயரே வந்தது.

அடுத்து 1970களின் தொடக்கத்தில் ஸ்மித் செய்ததுதான் உண்மையான 'ஹை-கெய்ன்'. ப்ரீஆம்பில் கூடுதலாக ஒரு வால்வுப் படியைச் சேர்த்து, படிகளுக்கு நடுவே தனித்தனி கட்டுப்பாடுகள் வைத்தார். கணக்கு இதுதான். கிடாரிலிருந்து 0.1 வோல்ட் வருகிறது. ஒரு படி 50 மடங்கு பெருக்கினால் 5 வோல்ட். இன்னொரு படியில் 250. ஆனால் வால்வு அவ்வளவு பெரிய அலையை வெளியே விடாது, தலையை வெட்டிவிடும். கரகரப்பு முன்பக்கத்திலேயே பிறந்துவிட்டதால் கடைசி வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அது மாறாது. 1987-ல் மைக் சொல்டானோ கொண்டுவந்த எஸ்எல்ஓ-100 வரை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

இதே சர்க்யூட்டுகளைப் பார்த்து வீட்டில் ஆம்ப் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களை மிகவும் அலைக்கழிப்பது வயர்தான். இவ்வளவு பெருக்கம் இருக்கும் இடத்தில் வெளியே போகும் வயர் உள்ளே வரும் வயரின் பக்கத்தில் வந்தால் போதும், கிடாரைத் தொடாமலே ஊளையிடும். ஹீட்டர் வயரை முறுக்கிப் போடாவிட்டால் 'உம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். அதைவிட முக்கியம், உள்ளே 400, 500 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதுமானது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைப்பார்கள். அதுவும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு! இரண்டு கையும் பட்டால் மின்சாரம் இதயம் வழியாகப் பாயும் அல்லவா.

வால்வு செய்யும் பெரிய ஆலைகள் இன்று ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வு ஏற்றுமதி நின்றுபோகிறது என்ற செய்தி வந்ததும் கடைகளில் இருப்பு காலியானது. பிறகு வரத்து திரும்பியது, ஆனால் விலை ஏறிவிட்டது. ரேடியோக்காரர்கள் குப்பையில் போட்ட கண்ணாடிக் குழலைத்தான் இப்போது ஜோடி பொருத்தம் பார்த்து விற்கிறார்கள்.