மடொல் தூவவும் நம் தீவுப் பிள்ளைகளும்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒக்டோபர் நம் நாட்டில் வாசிப்பு மாதம். சில வருடங்களுக்கு முன் அந்த மாதத்தில் நலன்விரும்பி ஒருவர் எங்கள் நூலகத்துக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பியிருந்தார். குறிகட்டுவானிலிருந்து படகில் வந்த பெட்டி. அடியில் கிடந்தவை உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. தப்பியவற்றுள் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடொல் தூவ’ நாவலின் தமிழாக்கமும் ஒன்று. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போனான். மூன்றாம் நாள் தாய் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“ரீச்சர், களவெடுக்கிறதும் பொய் சொல்லுறதும் வீட்டை விட்டு ஓடுறதும்தான் இதில கிடக்கு. வாசிச்சுப்போட்டு என்ரை பொடியன் வள்ளத்தை அவிட்டுக்கொண்டு போனா ஆர் பொறுப்பு?”

அதே கிழமை நம்மவர் ஒருவரும் வந்தார். அவருடைய மகளும் எங்கள் மாணவி. “பேய்க் கதையெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர்?” என்று பணிவாகத்தான் கேட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். “நீங்கதானே தமிழிலை ஸ்பெஷல் செய்தனீங்கள். வாசிச்சுப் பாத்து ஒரு முடிவு சொல்லுங்கோ.”

சிறுபிள்ளைகளுக்கு ஒரு கதை ஏற்றதா என்ற கேள்வி இந்த மண்ணில் புதியதல்ல. ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘காவலப்பன் கதை’ ஆங்கிலத்தில் ஹன்னா மோர் எழுதிய சிறு நீதிக்கதை ஒன்றின் தமிழாக்கம். காட்டின் நடுவே ஒரு மாளிகை. எசமான் வெளியூர் போகிறார். வெளியே கள்வர், கதவைத் திறக்காதீர்கள் என்று பணியாட்களுக்குச் சொல்லிவிட்டே போகிறார். வாயில் காப்பவன் சாவித்துவாரம் வழியாகக் கள்வன் ஒருவனோடு பேச்சுக் கொடுக்கத் தொடங்குகிறான். நாளடைவில் கதவும் திறக்கிறது. கள்வர் உள்ளே பாய்ந்து வெட்டிச் சாய்க்கிறார்கள். வாயில்காரனும் சாகிறான். மிஷனரிமார் இதை எளிய வாசகரின் ஒழுக்கத்துக்காகத்தான் அச்சிட்டார்கள். இவ்வளவு இரத்தம் ஏன் என்று அக்காலத் தாய்மார் எவரும் கேட்டிருப்பார்களோ தெரியவில்லை. நீதி சொல்லும் கதைக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு.

29 வருடங்கள் கழித்து, 1885இல், அறிஞர் சித்திலெப்பை ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். நம் சமூகத்தவருக்கு இந்த நூலைப் பற்றிப் பெருமை அதிகம், வாசித்தவர்கள் குறைவு. பாடசாலைகளுக்காக அலைந்து, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்திய ஒருவர் தம் மக்களுக்கு எழுதிய கதை என்னவென்று பாருங்கள். எகிப்தின் பெருங்குடும்பம் ஒன்றில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. பம்பாயில் அந்நியர் கையில் வளர்கிறது. பையனாகி அங்கிருந்து தப்பிக் கல்கத்தா போகிறான், படிக்கிறான், ஆபத்துகளில் சிக்குகிறான், கடைசியில் மிஸ்ரிலே தன் பெற்றோரைக் காண்கிறான். அறபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மிஸ்ர் என்ற சொல்லுக்கே அன்று வீடுகளில் தனி மவுசு இருந்திருக்கும். பிள்ளைத் திருட்டும் வஞ்சகமும் நிறைந்த கதையை எழுத அந்தக் கல்விமான் தயங்கவில்லை.

அதே 1885இல் அமெரிக்காவின் கொன்கோர்ட் நகர நூலகக் குழு, மார்க் ட்வெயின் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைத் தன் அலுமாரியிலிருந்து விலக்கியது. தகப்பனிடமிருந்து தப்பி ஆற்றில் தெப்பம் விட்டுப் போகும் பையனின் கதை அது. பொய் சொல்கிறான், சில்லறைக் களவு செய்கிறான், பேச்சு கொச்சை. இதனால் இன்னும் இருபத்தையாயிரம் பிரதி விற்கும் என்று ட்வெயின் மகிழ்ந்தாராம். எங்கள் தீவுத் தாயின் குற்றப்பட்டியலுக்கும் கொன்கோர்ட் கனவான்களின் பட்டியலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்தக் கனவான்களுக்கு இல்லாத ஒரு பயம் இந்தத் தாய்க்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘மடொல் தூவ’ 1947இல் வந்தது. தென்மாகாணக் கடலோரக் கிராமத்துப் பையன் உபாலி தானே சொல்லும் கதை. தாய் இறந்துவிட்டார், தகப்பன் கண்டிப்பானவர், வீட்டில் சிறிய தாய். கூட்டாளி ஜின்னாவோடு சேர்ந்து ஊரைக் கலக்குகிறான். வேற்றூரில் ஓர் ஆசிரியர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒருநாள் இருவரும் ஓடிவிடுகிறார்கள். கமக்காரர் ஒருவரிடம் கூலி வேலை செய்கிறார்கள். பிறகு களப்பின் நடுவே கண்டல் சூழ்ந்து ஆளில்லாமல் கிடக்கும் மடொல் தூவ என்ற சிறு தீவில் குடியேறிக் காடு வெட்டிப் பயிர் செய்கிறார்கள். அங்கே பேய் இருப்பதாக ஊர்ப்பேச்சு. தகப்பன் படுக்கையில் விழுந்த செய்தி கேட்டு உபாலி வீடு திரும்புகிறான். சிறிய தாய்க்கு வந்த இக்கட்டில் துணை நிற்கிறான். பின் மறுபடியும் தீவு.

‘ஜின்னா’ என்ற பெயரைக் கண்டதும் நம் பிள்ளைகள் அவனை முஸ்லிம் பையன் என்றே எடுத்துக்கொண்டார்கள். சிங்களப் பெயர்தான் என்று சொன்னபோது ஒருத்திக்கு முகம் வாடிவிட்டது. தீவில் தெரியும் வெளிச்சம் ஜின்னுடையதா என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: கதை பேயைக் காட்டிப் பயமுறுத்தவில்லை, பயத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறது. அவர் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று புத்தகத்தைக் கொண்டு போனார். நல்ல மனிதர், ஒரே கிழமையில் திருப்பித் தந்தார்.

எனக்கு இந்த நாவல் வேறு காரணத்தால் கஷ்டமானது. நான் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வீட்டுக்கு ஒருவராக ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். வாப்பா போய் வந்தார். இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். நான் விட்டு வந்தவற்றுள் பாடசாலை நூலகப் புத்தகம் ஒன்றும் இருந்தது. தண்டப்பணம் கேட்பார்களே என்று புத்தளம் வந்த பிறகும் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். ‘மடொல் தூவ’வை முதலில் வாசித்தது அங்கே, அகதி முகாமின் ஓலைக்கொட்டில் வகுப்பில். உபாலி மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவு திறந்திருக்கிற வீட்டை விட்டு யாராவது ஓடுவார்களா? தேடுவதற்கு வாப்பா இருக்கும்போது?

பட்டப்படிப்புக் காலத்தில்தான் மற்றப் பக்கம் தெரிந்தது. மர்ஹூம் எம்.எம். உவைஸ் ‘கம்பெரலிய’வைக் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாக்கியிருந்ததால் எங்களுக்கு விக்கிரமசிங்க ஏற்கெனவே பழக்கம். அவருடைய பிறந்த ஊரான கொக்கல இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் தளமானது. கடல்விமானங்கள் இறங்கக் களப்பு தேவைப்பட்டது, ஊர்ச்சனம் வெளியேற்றப்பட்டது. கிராமமே போய் அவருடைய பிறந்த வீடு மட்டும் தப்பியது. அது நடந்து ஐந்தாறு வருடத்துக்குள், அதே களப்பிலுள்ள ஒரு தீவில் இரண்டு பையன்களைக் குடியேற்றி எழுதியிருக்கிறார். இழந்த ஊரைப் பற்றிப் புலம்பல் ஒரு வரிகூட இல்லை. இதை அறிந்த பிறகு உபாலி மேலிருந்த ஆத்திரம் கொஞ்சம் தணிந்தது.

நயினாதீவில் பள்ளிவாசலும் நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் சிங்களவரை யாத்திரிகராகப் பார்க்கிறார்கள், கடற்படையினராகப் பார்க்கிறார்கள். தகப்பனிடம் அடி வாங்கும் சிங்களப் பையனை இந்தப் புத்தகத்தில்தான் சந்திக்கிறார்கள். இதற்காகவே கொடுக்கலாம் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டேன். நல்லிணக்கத்துக்காகக் கதை கொடுப்பதும் ஒழுக்கத்துக்காகக் ‘காவலப்பன்’ கொடுப்பதும் ஒரே வேலைதான்.

அந்தத் தாயின் பயத்துக்கு வருகிறேன். கொக்கல களப்பு வேறு, நெடுந்தீவுக் கடல் வேறு. வாடைக்காலத்தில் படகு ஓடாத நாட்கள் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டப்பட்டவர்களின் உறவுகள் இந்தத் தீவுகளில் இன்னும் இருக்கிறார்கள். இங்கே வள்ளம் என்பது விளையாட்டுச் சாமான் ஆகாது. ஆகவே “கதைதானே அம்மா” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் எத்தனை பக்கம் வாசித்தான் என்று மட்டும் கேட்டேன். கால்வாசிகூட இல்லை.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த நாவலில் குறும்பெல்லாம் முன்பாதியில். தீவில் பட்ட பாடு, தனிமை, தகப்பனின் நோய், சிறிய தாயை உபாலி வேறு கண்ணால் பார்ப்பது எல்லாம் பின்பாதியில். வாசிப்பு மூச்சு குறைந்த பிள்ளை களவை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடும். நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு இதைத் தனியே கையில் கொடுக்க முடியாது என்பதற்கு நான் எழுதிய காரணம் இதுவே. ஆசிரியர் உரக்க வாசித்து, கடைசிவரை கொண்டுபோக முடியுமானால் அவர்களுக்கும் வாசிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து கையிலேயே கொடுக்கலாம். ஒரு பக்கமும் கிழிக்க வேண்டாம், மை பூச வேண்டாம்.

இன்னொன்றும் எழுதினேன். முறையிட வந்த எவரும் ஜின்னாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவன் உபாலி வீட்டு வேலைக்காரப் பையன். எசமான் மகனோடு சேர்ந்து ஓடுகிறான். ஓடிய இடத்திலும் யார் சொல்ல யார் செய்கிறார்கள் என்று கவனித்து வாசித்தால் தெரியும். மாங்காய்க் களவு நம் கண்ணில் குத்துகிறது, வீட்டு வேலைக்கு நிற்கும் சிறுவன் குத்துவதில்லை. நம் வீடுகளிலும் அப்படிப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதாலோ என்னவோ. வகுப்பில் இதைக் கேட்டபோது பின்வாங்கில் இருக்கும் ஒருவன்தான் பதில் சொன்னான். “ஜின்னாவுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை ரீச்சர். அதுதான் கதையை உபாலி சொல்லுறான்.”

பையனை முழுதும் வாசிக்க விடுங்கள், நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். இரண்டு கிழமை எடுத்தது. திரும்பி வந்தபோது கழன்றிருந்த அட்டையை வலைநூலால் தைத்திருந்தார். ஓடினதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தேப்பன் சாகக் கிடக்கேக்கை வந்து சேர்ந்திட்டான், பாவம்” என்றார். இரவல் அட்டையில் இப்போது பதினொரு பெயர்கள் இருக்கின்றன.