மென்பொருட் பூட்டும் படியெடுப்போரும்: ஒரு வரலாற்று நோக்கு

விலைக்கு விற்கும் மென்பொருளைப் பிறர் படியெடுக்கா வண்ணம் பூட்டி வைத்தல் கள்வரைத் தடுக்கின்றதா, அன்றிப் பொருள் கொடுத்து வாங்கியோரையே வருத்துகின்றதா என்பது நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கு. விற்போர் முன்னதைச் சாதிப்பர். வாங்குவோர் பின்னதைச் சாதிப்பர். இரு திறத்தார் கூற்றையும் காலமுறையில் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வழக்குப் பெரிதும் அமெரிக்க நாட்டில் எழுந்து வளர்ந்ததாகலின், ஈண்டுக் காட்டும் சான்றுகளுட் பலவும் அந்நாட்டனவே.

முதற்கண் விற்போர் முறையீட்டை நோக்குவோம். 1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்டுப் பில் கேட்ஸ் கணிப்பொறி ஆர்வலர்க்கு வெளிப்படையாக ஒரு மடல் வரைந்தார். ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்கென அவரும் அவர் தோழரும் இயற்றிய பேசிக் மென்பொருள் துளையிட்ட காகித நாடாவில் வழங்கிற்று. அந்நாடாவை ஆர்வலர் தமக்குள் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். ஆல்டேர் உடையாருள் பத்தில் ஒரு பங்கினும் குறைந்தோரே அதனை விலைக்கு வாங்கினர் என்றும், கிடைத்த வருவாய் உழைத்த நேரத்திற்கு மணிக்கு 2 டாலரும் தேறவில்லை என்றும் அம்மடல் கூறிற்று. இக்கணக்கு ஒரு தரப்பாரது என்பது உண்மையே. ஆயினும் குறை பொய்யன்று. உழைத்தோன் கூலி பெறல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அக்கூலியைப் பெறுதற்குப் பூட்டுத்தான் தக்க வழியா என்பதே வினா.

பூட்டின் இயல்பை லோட்டஸ் 1-2-3 தெளிவாகக் காட்டும். 1983-இல் 495 டாலர் விலையில் வெளிவந்த அக்கணக்கீட்டு மென்பொருளை வன்தட்டிற்கு மாற்றிக்கொண்ட பின்னரும், தொடங்குந்தோறும் மூலத் தட்டைக் கணிப்பொறியில் இடுதல் வேண்டும். மூலத் தட்டு கெடின், வாங்கியவர் வேலை நின்றது. படியெடுப்போரோ இடர்ப்பட்டிலர், பூட்டைக் கடந்து படியெடுத்துத் தரும் மென்பொருள்களே கடைகளில் விற்கப்பட்டன.

அவ்வாறு விற்றது குற்றமா என்பதும் நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. வால்ட் நிறுவனத்தார் தட்டின் காந்தப் பரப்பில் அழிக்கவியலாததொரு குறியை இட்டுப் பூட்டும் முறையை விற்றனர். குவைட் நிறுவனத்தார் அப்பூட்டைக் கடக்கும் மென்பொருளை விற்றனர். முறையீட்டு மன்றம் 1988-இல் குவைட் தரப்பிற்கே தீர்ப்பளித்தது. வாங்கியவர் தம் காப்பிற்காக ஒரு படி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே வழங்கியிருத்தலின், அதற்குதவும் கருவி குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்தாகும்.

பூட்டின்றியும் வாணிகம் நடக்கும் என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. 1983-இல் போர்லண்ட் நிறுவனத்தார் டர்போ பாஸ்கல் என்பதனை 49.95 டாலர் விலைக்கு, பூட்டேதும் இடாமல் விற்றனர். அவர்தம் உரிம உரை, மென்பொருளைப் புத்தகம் போலக் கருதுமாறு வாங்கியோரை வேண்டிற்று. ஒரு புத்தகத்தைப் பலர் மாறி மாறிப் படிக்கலாம். ஒரே வேளையில் ஈரிடத்தில் இருவர் படித்தல் இயலாது. மென்பொருளும் அவ்வாறே வழங்குக என்பது கருத்து. டர்போ பாஸ்கல் பெருவெற்றி பெற்றது. குறைந்த விலையும் அதற்குக் காரணமாதலின் பூட்டின்மை ஒன்றே வெற்றி தந்தது எனல் பொருந்தாது. பூட்டின்மை வெற்றிக்குத் தடையாகவில்லை என்னும் அளவே கொள்ளற்பாலது.

1998-இல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் நிலையை மாற்றிற்று. படியெடுத்தல் ஒருபுறமிருக்கப் பூட்டைக் கடத்தலே அதனால் குற்றமாயிற்று. எனினும், பூட்டு முறையாக வாங்கியோரையும் வருத்தும் என்பதை அரசே ஏற்றது எனலாம். 2003-இல் வகுத்த விலக்குகளுள் ஒன்று, பழுதுற்று வழக்கொழிந்த பூட்டுக் கருவியால் தடைப்பட்ட மென்பொருள்களைப் பற்றியது. மற்றொன்று, வழக்கிறந்த வடிவங்களில் வெளிவந்து மூலத் தட்டையோ பழைய பொறியையோ வேண்டிநிற்கும் மென்பொருள்களைப் பற்றியது.

இணையம் பரவிய பின்னர்ப் பூட்டும் இணையத்தின் வழியே அமைந்தது. 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தாரின் சில விளையாட்டுகள் இடையறா இணையத் தொடர்பை வேண்டி நின்றன. அவ்வாண்டு மார்ச்சில் அந்நிறுவனத்தின் வழங்கிகள் தாக்குண்டபோது, விலைகொடுத்து வாங்கியோருட் பலர் தம் விளையாட்டைத் திறக்க மாட்டாராயினர். பூட்டு நீக்கிய படியில் இத்தொல்லைக்கு இடமில்லை.

இவற்றால் பூட்டு முற்றும் பயனற்றது என முடித்தல் நேர்மையன்று. 2014-க்குப் பின் வழங்கிய டெனுவோ என்னும் பூட்டால் சில விளையாட்டுகள் பல மாதங்கள் உடைபடாது நின்றன. விற்பனையிற் பெரும்பகுதி வெளியீட்டை அடுத்த நாள்களில் நிகழ்தலின், அத்தடை விற்போர்க்கு ஆதாயமே. ஆனால் 2016 மே மாதம் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டிலிருந்து அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பூட்டு நீக்கப்பட்டமை நோக்கத்தக்கது. பூட்டின் பயனுக்கு ஓர் எல்லை உண்டென்பதற்கு விற்றோர் செயலே சான்றாகின்றது.

எல்லை கடந்தும் நிற்கும் பூட்டு யாது செய்யும்? 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க் என்னும் பழைய பூட்டை ஏற்க மறுத்தது. அப்பூட்டின் இயக்கி கணிப்பொறிக்கே ஊறு விளைக்கக் கூடியதாயிருந்தமையே காரணம். அதனால் முறையாக வாங்கிய தட்டுகள் பல திறவாதொழிந்தன. காக்க வேண்டிய வாணிகம் முடிந்த பின்னும் பூட்டு எஞ்சிநின்று, வாங்கியவனையே வெளியே நிறுத்திற்று.

ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் நம்மனோர் ஈண்டுக் கருதற்குரியதொன்று உளது. மூல ஏடு செல்லரித்து மறைய, படியெடுத்தோர் கையாலேயே நூல்கள் நம்மை வந்தெய்தின. மென்பொருளும் அந்நிலையினதே. ஆப்பிள் 2 கணிப்பொறிக்குரிய மென்பொருள்கள் பல, இண்டர்நெட் ஆர்க்கைவ் சேகரத்தில் பூட்டு நீக்கிய படிகளாகவே இன்று காணக்கிடைக்கின்றன. அக்காலத்து உடைத்தோருள் வருங்கால ஆய்வாளரை எண்ணி உடைத்தவர் அரியர். ஆயினும் பூட்டியோர் இழக்கவிருந்ததை உடைத்தோர் காத்தனர் என்பது வரலாறு காட்டும் முரண்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது: கள்வன் பூட்டை ஒருமுறை உடைத்து நீங்குவான், வாங்கியவன் நாள்தோறும் அதன்முன் நிற்பான். தடுப்பாற்றல் சில நாள், வருத்தம் பல்லாண்டு. ஆதலின், பூட்டிடும் உரிமையை விற்போர்க்கு வழங்குங்கால், குறித்த காலத்தில் அதனை நீக்கும் கடமையையும் உடன் விதித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அக்கடமை விதிக்கப்படாத வரை, எதிர்காலப் பதிப்பாசிரியர் களவுப் படிகளையே மூலமாகக் கொள்ள நேரும்.