கண்ணாடியில் இருந்த முகம்

இத்தாலிய மொழியில் ‘ஜல்லோ’ என்றால் மஞ்சள். 1929இல் மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் போட ஆரம்பித்தது; அட்டையின் நிறமே நாளடைவில் அந்தக் கதைகளின் பெயராயிற்று. 1941இல் முஸோலினியின் அரசு அந்த வரிசையை நிறுத்திவைத்தது. போருக்குப் பின் அது திரும்பி வந்தது. மரியோ பாவா 1963, 64இல் எடுத்த இரண்டு படங்களோடு ஜல்லோ சினிமாவிலும் ஒரு மரபாகிவிட்டது. பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த டாரியோ ஆர்ஜென்ட்டோ 1970இல் அதற்குள் வந்தார். 1975இல் அவர் எடுத்த ‘ஆழ்ந்த சிவப்பு’ பற்றித்தான் இங்கே பேச்சு. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

இரவில் சதுக்கத்தில் நிற்கும் பியானோக்காரன் ஒருவன், மேலே ஜன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்க்கிறான். ஓவியங்கள் மாட்டிய நடை வழியே ஓடுகிறான். பிற்பாடு, அங்கே இருந்த ஓவியம் ஒன்று காணாமல் போய்விட்டது என்று அவனுக்குப் படுகிறது. கடைசியில்தான் தெரிகிறது, அது ஓவியமில்லை, கண்ணாடி. அதில் இருந்தது கொலைகாரியின் முகம். ஆர்ஜென்ட்டோ நம்மை ஏமாற்றவில்லை. அவன் முதல்முறை ஓடும்போதே அந்த முகம் திரையில் இருக்கிறது. நாமும் பார்த்தோம்; பார்த்து, படமென்று கடந்துபோனோம்.

பியானோக்காரனாக வரும் டேவிட் ஹெம்மிங்ஸ்தான் அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ (1966) படத்தின் போட்டோக்காரன். அங்கே சாட்சியம் பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிகளாகக் கலைந்துபோகிறது. யதார்த்தம் பிடிபடாதது என்ற அந்த முடிவை நாம் வெகுவாகக் கொண்டாடியிருக்கிறோம். கொலைப்படமென்று நாம் ஒதுக்கிய இது மறுக்கிறது: சாட்சியம் கலையவில்லை, கண்தான் தப்பிக்கொண்டது.

அந்தக் கண்ணாடி முகம் க்ளாரா கலமாயுடையது. பாஸிஸ்ட் ஆட்சிக்கு உவப்பில்லாத விஸ்கோன்தியின் ‘ஒஸெஸ்ஸியோனே’ (1943) கதாநாயகி. அந்தச் சதுக்கம் டூரினில் இருக்கிறது. 1930களில் பாஸிஸ்ட் கட்டடக்கலையில் எழுந்து, விடுதலைக்குப் பின் விடுதலைக் குழுவின் பெயரைத் தாங்கியது. படத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகர வங்கியொன்றில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். போலீஸ் அராஜகவாதிகளைப் பிடித்தது. அவர்களில் பினெல்லி, மூன்றாம் நாள் போலீஸ் தலைமையகத்து ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். நவபாஸிஸ்டுகளே பொறுப்பு என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, முன்பே விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்க வழியில்லை. ஆர்ஜென்ட்டோ இதை மனதில் வைத்து எடுத்தார் என்று நான் வாதிக்கவில்லை. பெண்கள் சாகும் காட்சிகளில் அவரது காமிரா லயித்து நிற்பதை மன்னிக்கவும் தயாராக இல்லை. ஆனால் அந்த ஆறு வருஷத்து இத்தாலியில், ‘பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை’ என்பது ஒருவனுடைய மறதி மட்டுமில்லை.

கடைசிக் காட்சியில் தேங்கிய ரத்தத்தில் பியானோக்காரன் தன் முகத்தைப் பார்க்கிறான். இந்த முறை அதை ஓவியமென்று சொல்ல அவனால் முடியாது.