வீட்டில் உருது

"தமிழ் நல்லா பேசுறீங்களே, எந்த ஊரு?"

சென்னையில் என் அலுவலக நண்பனிடம் மாதம் ஒருத்தராவது இதைக் கேட்டுவிடுவார்கள். வாணியம்பாடி என்பான். "இல்ல, அதுக்கு முன்னாடி?" எத்தனை தலைமுறைக்கு முன் எங்கிருந்து வந்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் உருது பேசுகிறான், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த நல்ல பதில் அவன் ஊரிலேயே இருந்தது. தோல் மண்டிகளின் ஊரான வாணியம்பாடியில் 1919இல் தொடங்கியது இஸ்லாமியாக் கல்லூரி. அங்கே பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். 1937இல் மதுரையில் பிறந்தவர். அப்பா, தாத்தா இருவரும் உருதுக் கவிஞர்கள். பேரன் எழுதியது தமிழில்.

வீட்டு மொழியைக் கைவிட்டுவிட்டார் என்று இதைப் படிப்பது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் மரபில் எதுகையும் மோனையும் அடிகளின் தொடக்கத்தைக் கட்டும். உருது கஜலோ இரண்டிரண்டு அடிகளாக நடந்து, ஒரே சொல்லில் திரும்பத் திரும்ப வந்து முடியும். ஒவ்வொரு இரண்டடியும் தனியாகவே நிற்கும், பக்கத்து அடிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வடிவத்தைத்தான் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார், 'மின்மினிகளால் ஒரு கடிதம்' தொகுப்பில். 'நான் யார்' என்று எழுதிக் கொண்டிருக்கவில்லை. தாத்தாவின் வடிவத்தில் தமிழ்க் காதலை எழுதினார். 1999இல் 'ஆலாபனை'க்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, தமிழ்க் கவிஞராக.

போன மாசம் அந்தத் தொகுப்பை நண்பனிடம் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னான்: "இத எங்க தாத்தாவுக்கு உருதுல சொல்லிக் காட்டணும்டா."