பின்கதவு திறந்த கதை

மோட்டார் வாகனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். வாகனத்தின் முன்பக்கத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்திலொரு பங்குகூடப் பின்பக்கத்துக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இன்று குடும்பங்கள் விரும்பி வாங்கும் எஸ்.யு.வி. வாகனத்தின் பின்கதவை, எம்மவர் பேச்சில் ‘டிக்கி’யை, எத்தனை விதமாகத் திறக்கலாம் என்ற கேள்விக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதில் உயிரிழப்புகளும் உண்டு, வழக்குகளும் உண்டு.

அமெரிக்கர் இதற்கு இட்ட பெயர் ‘டெயில்கேற்’. மூட்டைகள் சரிந்துவிடாதபடி குதிரை வண்டியின் பின்புறத்தில் மாட்டிய பலகையிலிருந்து வந்த பெயர் அது. 1910களிலும் 20களிலும் ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் அவர்களது பெட்டிகளையும் விடுதிகளுக்கு ஏற்றிச் செல்வதற்காக, போர்ட் மொடல் ரி காரின் சட்டகத்தின் மேல் மரத்தால் கூடு அமைத்தார்கள். ‘ஸ்டேஷன் வேகன்’ என்ற பெயர் அவ்வாறே பிறந்தது. 1929இல் போர்ட் நிறுவனமே தனது மொடல் ஏ வரிசையில் அத்தகைய வாகனத்தை விற்கத் தொடங்கியது. பின்பலகை கீழ்நோக்கி விழும். அதற்கு மேலுள்ள கண்ணாடி மேல்நோக்கி உயரும். பின்னர் கண்ணாடியைப் பலகைக்குள்ளேயே இறக்கிவிடும் முறை பரவியது.

மூட்டைக்கு இந்த ஏற்பாடு போதும். மனிதருக்குப் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் பெருகவே, வேகனின் கடைக்கோடியில் மூன்றாவது வரிசை ஆசனம் வந்தது. பலவற்றில் அது பின்னோக்கிப் பார்த்த ஆசனம். அதில் உட்காரும் சிறுவர்கள், கிடையாக விழுந்த பலகையின் மேல் தவழ்ந்தே உள்ளே போக வேண்டியிருந்தது. இதற்குத்தான் 1966இல் போர்ட் ஒரு வழி கண்டது. ஒரே பலகை, இரண்டு வகைக் கீல்கள். சாமான் ஏற்றும்போது கீழே விழும். ஆள் ஏறும்போது அறைக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கும். ‘மாயக் கதவு’ என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில், எந்தப் பக்கம் திறப்பதானாலும் கண்ணாடியை இறக்கியாக வேண்டும். 1969இல் கண்ணாடியை இறக்காமலே பக்கவாட்டில் திறக்கும் வசதியும் சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் வந்த பின்கதவுகளில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுவென்றே நான் கருதுகிறேன்.

போட்டிக்கு வந்த ஜெனரல் மோட்டர்ஸ், 1971 முதல் 1976 வரையான தனது பெரிய வேகன்களில் கதவையே கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் நுழையும், பலகை கீழிறங்கித் தரைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மதிலோடு ஒட்டி நிறுத்தினாலும் திறக்கலாம். ஆனால் பாரம் அதிகம், பொறிமுறை சிக்கலானது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அத்தகைய ஆடம்பரங்களுக்கு இடமிருக்கவில்லை. 1977இல் வாகனங்களைச் சிறிதாக்கியபோது அதனைக் கைவிட்டார்கள்.

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுவதில் இன்னொரு அபாயமும் இருந்தது. பெட்டி வடிவ வாகனம் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறையும். புகைக்குழாயிலிருந்து வெளியேறும் நச்சுவாயு, திறந்த யன்னல் வழியே உள்ளே இழுக்கப்படும். அதனை முதலில் சுவாசிப்பவர்கள் கடைசி ஆசனத்துப் பிள்ளைகளே. கையேடுகள் இதனை எச்சரித்தன. கையேடுகளைப் படிப்பவர் எத்தனை பேர்?

வேகன்களின் இடத்தை எஸ்.யு.வி.கள் பிடித்தபோது பழைய முறைகளெல்லாம் மீண்டும் வந்தன. 1963இல் வந்த ஜீப் வேகனியர் விழும் பலகையை வைத்துக்கொண்டது. 1970இல் பிரித்தானியாவில் வெளிவந்த ரேஞ்ச் ரோவரின் பின்கதவு கிடையாக இரண்டாகப் பிளந்து திறந்தது. கீழ்ப்பாதியில் உட்கார்ந்து தேநீர் அருந்தலாம். உதிரிச் சில்லைக் கதவிலேயே தொங்கவிட்ட டொயோட்டா ராவ்4 பக்கவாட்டில் திறந்தது. அதன் கீல்கள் வலப்புறத்தில் இருந்தன. இடப்புறமாக ஓட்டும் ஜப்பானுக்கும் இலங்கைக்கும் அது வசதி; நடைபாதையில் நின்றபடியே சாமான் ஏற்றலாம். வலப்புறமாக ஓட்டும் அமெரிக்காவிலோ கதவு நடைபாதைக்குக் குறுக்கே வந்து மறித்தது. 2013ஆம் ஆண்டு மொடலில் அதுவும் மேல்நோக்கித் திறக்கும் கதவாயிற்று.

மேல்நோக்கித் திறக்கும் ஒற்றைக் கதவை அமெரிக்கக் குடும்பங்களிடம் பரவலாகக் கொண்டுசென்றது கிறைஸ்லரின் மினிவான். 1984 மொடலாக வந்த அந்த வாகனம் பெருவெற்றி பெற்றது. ஆனால் விபத்துகளின்போது அதன் பின்கதவுப் பூட்டு விட்டுக்கொடுத்தது என்றும், உள்ளேயிருந்தவர்கள் வீதியில் தூக்கியெறியப்பட்டு இறந்தார்கள் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். ஆசனப் பட்டி அணியாதவர்கள் பலர் என்பதும் உண்மையே. 1995 மார்ச்சில் 40 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களின் பூட்டுகளை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் இணங்கியது. ஆயினும் குறைபாடு உண்டென்று அது ஏற்கவில்லை. 1997இல் தென் கரோலினாவில் ஜூரிகள் சபையொன்று, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்துக்காக 262.5 மில்லியன் டொலர் வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வழக்கன்று, சட்டம். காரின் பக்கக் கதவுகளின் பூட்டுக்கு 1968 முதலே அமெரிக்காவில் பாதுகாப்பு விதி இருந்தது. பின்கதவுக்கு அது 1995 செப்டெம்பரில்தான் நீட்டிக்கப்பட்டது. 1997 செப்டெம்பர் முதல் தயாரான வாகனங்களுக்கே அது பொருந்தியது. பிள்ளைகள் அங்கே உட்காரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. சட்டத்தின் கண்ணுக்கு அது அப்போதும் மூட்டை கட்டிய வண்டியின் பலகையாகவே தெரிந்திருக்கிறது.

யுத்த காலத்தில் சோதனைச் சாவடி தோறும் டிக்கியைத் திறந்து காட்டிப் பழகிய எமக்கு, அக்கதவு வெளியே நிற்பவருக்காகவே இருப்பது புதிய செய்தியல்ல. அண்மைக்கால முன்னேற்றங்களும் அவருக்கானவையே. 2012இல் போர்ட் எஸ்கேப்பில் பம்பரின் கீழே காலை நீட்டினாலே கதவு உயர்ந்தது. இரண்டு கைகளிலும் பைகளோடு வருபவருக்கு இது பெரும் உதவி. இன்று கையிலுள்ள திறப்பின் பொத்தானாலும் ஓட்டுநரின் பொத்தானாலும் அதனைத் திறக்கிறார்கள்.

உள்ளிருந்து திறக்கும் வழியும் பல எஸ்.யு.வி.களில் உண்டு. கதவின் உட்புற உறையில் சிறியதொரு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். அதனைக் கழற்றினால் உள்ளே ஒரு நெம்பு தென்படும். மின்கலம் செயலிழந்தாலும் அதனைத் தள்ளிக் கதவைத் திறக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பது வாகனத்தின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கையேடு முன்னாசனத்துக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் இருக்கிறது.