குழந்தைப் பால்மாவின் ஊட்டச்சத்துச் சோதனை

குழந்தைப் பால்மாவின் ஊட்டச்சத்துச் சோதனை என்பது, தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் பால்மாவில் உயிர்ச்சத்துக்கள், கனிமங்கள், புரதம், கொழுப்பு ஆகியவை உரிய அளவில் உள்ளனவா என்பதை ஆய்வகத்தில் அளந்து உறுதிசெய்யும் செயற்பாடு ஆகும். பால்மா பசுவின் பாலில் இருந்தோ சோயா அவரைப் புரதத்தில் இருந்தோ தயாரிக்கப்படுகின்றது. இச்சோதனை தொடர்பான சட்டங்களில் ஐக்கிய அமெரிக்காவின் 1980 ஆம் ஆண்டுக் குழந்தைப் பால்மாச் சட்டம் குறிப்பிடத்தக்கது.

தேவை

வளர்ந்தவர்கள் பலவகை உணவுகளை உண்பதால், ஓர் உணவில் இல்லாத சத்து மற்றோர் உணவிலிருந்து கிடைத்துவிடும். பால்மாவை மட்டுமே உண்ணும் கைக்குழந்தைக்கு அவ்வாறு கிடைக்க வழியில்லை. பால்மாவில் ஒரு சத்து விடுபட்டால் அது குழந்தையின் உணவிலிருந்தே முற்றாக விடுபட்டதாகும். மூளையும் உடலும் விரைந்து வளரும் பருவம் ஆதலால் சில வாரக் குறைபாடும் நிலையான பாதிப்பை ஏற்படுத்தலாம். மறுபுறம், உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து டி, இரும்பு போன்றவை மிகுந்தாலும் தீங்கு நேரும்.

வரலாறு

1950களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில், திரவநிலைப் பால் உணவு ஒன்றை உண்ட குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டது. தயாரிப்பின்போது அளிக்கப்பட்ட வெப்பத்தினால் அதிலிருந்த உயிர்ச்சத்து பி6 அழிந்துபோனதே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. மூலப்பொருளில் இருக்கும் சத்து முடிவுப்பொருளிலும் இருக்கும் என்று கொள்ள முடியாது என்பதை இது காட்டியது.

1978 ஆம் ஆண்டில் சின்டெக்சு நிறுவனம் தனது சோயா உணவுகளான நியோ-மல்-சோய், சோ-ஃப்ரீ ஆகியவற்றில் உப்புச் சேர்ப்பதை நிறுத்தியது. சோடியத்தைக் குறைப்பதே நோக்கமாக இருந்தாலும், உப்போடு குளோரைடும் நீங்கிவிட்டது. 1979 இல் இவற்றை உண்ட குழந்தைகள் பசியின்மை, வளர்ச்சிக் குறைவு, தசைத் தளர்ச்சி ஆகியவற்றால் பாதிக்கப்பட்டனர். குளோரைடு குறைந்ததால் அவர்களது குருதியின் காரத்தன்மை கூடியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக அறியப்பட்டது. அவ்வாண்டே இவ்வுணவுகள் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. இந்நிகழ்வின் விளைவாகவே 1980 ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1986 இல் இது திருத்தப்பட்டுச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அளவு வரம்புகள்

அமெரிக்க விதிகள் 30 ஊட்டச்சத்துக்களுக்குக் குறைந்த அளவை வரையறுக்கின்றன. செலீனியம் இப்பட்டியலில் 2015 இல் சேர்க்கப்பட்டது. மிகுந்தால் தீங்கு தரக்கூடிய சில சத்துக்களுக்கு உச்ச அளவும் உண்டு. 100 கிலோகலோரி ஆற்றல் தரும் பால்மாவுக்குச் சில வரம்புகள் பின்வருமாறு:

* புரதம்: 1.8 முதல் 4.5 கிராம்
* உயிர்ச்சத்து ஏ: 250 முதல் 750 பன்னாட்டு அலகு
* உயிர்ச்சத்து டி: 40 முதல் 100 பன்னாட்டு அலகு
* தயமின் (உயிர்ச்சத்து பி1): குறைந்தது 40 மைக்ரோகிராம்
* உயிர்ச்சத்து சி: குறைந்தது 8 மில்லிகிராம்
* இரும்பு: 0.15 முதல் 3.0 மில்லிகிராம்
* குளோரைடு: 55 முதல் 150 மில்லிகிராம்

சோதனை நிலைகள்

உயிர்ச்சத்துக்களும் கனிமங்களும் பெரும்பாலும் முன்கலவையாகவே பால்மாவில் சேர்க்கப்படுகின்றன. முதலில் இம்முன்கலவை சோதிக்கப்படுகின்றது. அடுத்து, தயாரிக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியும் விற்பனைக்கு அனுப்பப்படும் முன் சோதிக்கப்படுகின்றது. வெப்பத்தாலும் ஒட்சிசனாலும் எளிதில் சிதையும் சத்துக்களான உயிர்ச்சத்து ஏ, தயமின், உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ ஆகிய நான்கும் ஒவ்வொரு தொகுதியின் முடிவுப்பொருளிலும் அளக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இறுதியாக, காலாவதி நாள் வரை சத்துக்கள் நிலைத்திருக்கின்றனவா என அறிய, சேமித்து வைத்த மாதிரிகள் குறித்த இடைவெளிகளில் சோதிக்கப்படுகின்றன. சேமிப்பில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யத் தயாரிப்பாளர்கள் சில உயிர்ச்சத்துக்களைச் சற்றுக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

சோதனை முறைகள்

* கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துக்கள்: மாதிரி காரத்துடன் சூடாக்கப்பட்டுக் கொழுப்பு சவர்க்காரமாக மாற்றப்படுகின்றது. பின்னர் கரைப்பானால் பிரித்தெடுக்கப்பட்ட ஏ, ஈ உயிர்ச்சத்துக்கள் உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை மூலம் அளக்கப்படுகின்றன.
* தயமின்: காரக் கரைசலில் பொட்டாசியம் பெரிசயனைடால் ஒட்சியேற்றப்படும்போது தயமின், தயோகுரோம் என்னும் சேர்மமாக மாறுகின்றது. புறஊதா ஒளியில் இது வெளிவிடும் நீலநிற ஒளிர்வைக் கொண்டு தயமினின் அளவு கணக்கிடப்படுகின்றது.
* பி12, ஃபோலிக் அமிலம்: இவை மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. இச்சத்துக்கள் இன்றி வளராத லாக்டோபேசில்லசு வகைப் பாக்டீரியாக்களை மாதிரியில் வளர்த்து, அவற்றின் பெருக்கத்தைக் கொண்டு அளவிடுவது நெடுநாளைய முறை.
* கனிமங்கள்: மாதிரி அமிலத்தில் செரிக்கப்பட்டு, பிளாசுமாவைப் பயன்படுத்தும் நிறமாலைமானிகளால் பல தனிமங்கள் ஒரே நேரத்தில் அளக்கப்படுகின்றன. குளோரைடு வெள்ளி நைத்திரேட்டுத் தரம்பார்த்தல் மூலம் அளக்கப்படலாம்.

கருவிகளும் முறைகளும் சரியாக உள்ளனவா என்பதைச் சரிபார்க்க, சத்துக்களின் அளவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட மேற்கோள் மாதிரிகள் மாதிரியுடன் சேர்த்துச் சோதிக்கப்படுகின்றன.

ரெமெடியா நிகழ்வு

2003 நவம்பரில் இசுரேலில் சில கைக்குழந்தைகள் வாந்தி, சோர்வு, கண் அசைவுக் கோளாறு ஆகியவற்றுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அனைவரும் செருமனியில் தயாரிக்கப்பட்டு ரெமெடியா என்னும் பெயரில் விற்கப்பட்ட சோயா பால்மாவை உண்டவர்கள். 100 கிராம் மாவில் 385 மைக்ரோகிராம் தயமின் உள்ளதாகச் சிட்டை குறிப்பிட்டது. ஆய்வகச் சோதனையிலோ கண்டறியத்தக்க அளவில் தயமின் காணப்படவில்லை. தயாரிப்பாளரான உமானா நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது. குழந்தைகள் சிலர் இறந்தனர். வேறு சிலர் நிலையான நரம்புப் பாதிப்புக்கு உள்ளாயினர்.

அக்காலத்தில் நோய்க்குறி எதுவும் வெளிப்படாத குழந்தைகளும் முற்றிலும் தப்பவில்லை. இதே மாவை உண்டு வளர்ந்த சிறுவர்களிற் பெரும்பாலானோருக்குப் பின்னாளில் மொழித்திறன் குறைபாடு இருந்ததை 2011 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

புரதச் சோதனையும் மெலமைன் கலப்படமும்

புரதத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் கெல்டால் முறை, உண்மையில் அளப்பது நைதரசனையே ஆகும். கிடைத்த நைதரசன் அளவை 6.25 போன்ற ஒரு காரணியால் பெருக்கிப் புரத அளவு பெறப்படுகின்றது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைதரசன் உள்ளது. மெலமைன் என்னும் வேதிப்பொருளிலோ ஏறத்தாழ 67 விழுக்காடு உள்ளது. நீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்தால் புரதம் போதுமான அளவு இருப்பதுபோல் இச்சோதனை காட்டும். சீனாவில் 2008 இல் வெளிப்பட்ட இக்கலப்படத்தால் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது. பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. 2010 இல் கோடெக்சு ஆணையம், குழந்தைப் பால்மாவில் மெலமைன் ஒரு கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என வரையறுத்தது. மெலமைனை இனங்காண நிறை நிறமாலைமானியுடன் இணைந்த நீர்ம வண்ணப்பிரிகை பயன்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* தாய்ப்பாலூட்டல்
* உயிர்ச்சத்து
* பெரிபெரி
* வண்ணப்பிரிகை
* மெலமைன்